உப்பின்மேல் போட்ட பழி

பத்மா அன்ரியின் வலது மணிக்கட்டை முறித்தவன் நான்.

அடித்தோ தள்ளியோ முறிக்கவில்லை. அவர் விழுந்த நேரத்தில் நான் அங்கே இருக்கவும் இல்லை. ஆனால் அவர் தடக்கிய கல்லைப் பதித்தவன் நான். அந்தக் கல் ஏன் எழும்பி நின்றது என்று அறிந்த ஒரே ஆளும் நான்தான். அறிந்திருந்தும், பிழை அவருடையதே என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவரையே அதை நம்பவைத்தேன்... பதினொரு குளிர்காலங்கள் நம்பவைத்தேன்!

நீங்கள் என்னைத் திட்டலாம். முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். ஏனென்றால் நான் இந்த உலகத்தில் அதிகம் நன்றி சொல்லவேண்டிய மனிதர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் இதைச் செய்தேன்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில், ஐந்து பேர் இருந்த வீட்டில் ஆறாவது ஆளாகப் போய் ஒட்டிக்கொண்டேன். அதே மாடியில், லிஃப்ற்றுக்கு அடுத்த கதவு சபா அங்கிளுடையது. அவரும் மனைவி பத்மா அன்ரியும் மட்டும்தான்; பிள்ளைகள் இல்லை. அங்கிள் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்த்தார். அன்ரி சேலைச் சட்டை தைப்பார். கலியாண வீடு வருகிறதென்றால் அந்த லிஃப்ற்றில் துணிப் பையோடு பெண்கள் ஏறி இறங்கியபடி இருப்பார்கள்.

என் முதல் குளிர்காலத்துக்கு ஜக்கெற் வாங்கித் தந்தவர் அங்கிள். அதன் கை என் விரல்களையும் தாண்டித் தொங்கியதால், வெட்டிச் சிறிதாக்கித் தந்தவர் அன்ரி. அந்த வருடத்தில் பாதி நாட்கள் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டாயா என்று என்னை அவர்கள் கேட்டதே கிடையாது. சோற்றுக் கோப்பையை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்கள். கேட்டிருந்தால் நான் ரோசத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லியிருப்பேன். அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சோற்றுக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

பிறகு எனக்கு ஒரு போர்த்துக்கீசரிடம் வேலை கிடைத்தது. வீட்டு முன்றலில் கார் நிறுத்தும் டிரைவ்வேக்குக் கல் பதிக்கும் வேலை. இங்கே எல்லோரும் அதை இன்ரலொக் என்றே சொல்வார்கள். ஒன்பது வருடங்கள் அவரிடம் நின்று, வேலையைக் கற்று, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு, பழைய ட்ரக் ஒன்றையும் வாங்கிச் சொந்தமாகத் தொடங்கினேன். அதே நாட்களில்தான் அங்கிளும் அன்ரியும் ஸ்காபரோவின் தென்கோடியில், ஏரியிலிருந்து காற்று நேராக வந்து முகத்தில் அறையும் ஒரு தெருவில், தங்கள் முதல் வீட்டை வாங்கினார்கள். முன்றல் முழுக்க வெடித்த தார். பெரிய கொம்பனிக்காரர் பலர் வந்து பார்த்தார்கள். அங்கிள் ஒருவரையும் எடுக்கவில்லை.

"குகன் இருக்கேக்க நாங்கள் ஏன் வேற ஆளைப் பிடிக்கவேணும்?" என்றாராம்.

அதுதான் என் சொந்தப் பெயரில் நான் செய்த முதல் வேலை.

இப்போது என் தொழிலைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்லை அடுக்குவது பெரிய வித்தை அல்ல. வேலை முழுவதும் கல்லுக்குக் கீழே இருக்கிறது. ஏரிக்கரைப் பக்கத்து நிலம் களிமண். குடித்த தண்ணீரை அது லேசில் விடாது. குளிர் இறுகும்போது அந்தத் தண்ணீர் உறைந்து பெருக்கும். பெருத்து, மேலே இருப்பதைத் தூக்கும். பிறகு இளகும், தாழும், திரும்பவும் தூக்கும். அதனால் ஓரடிக்கு மேல் தோண்டவேண்டும். களிமண்ணின்மேல் கெட்டியான துணி விரித்து, அதன்மேல் கிறவல், அதாவது சரளைக்கல், போடவேண்டும். கிறவலையும் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. நாலு அங்குலம் கொட்டி, இயந்திரத்தால் இறுக்கி, அடுத்த நாலு அங்குலம். அதற்கு மேலேதான் மணல், அதற்கு மேலேதான் கல்.

இது எனக்குத் தெரியாதா? நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்!

புது வீட்டுக் குடிபூரலுக்கு ஐயர் ஐப்பசியில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார். காலை ஒன்பது மணிக்குள் பால் காய்ச்சவேண்டும். எனக்கு எட்டு நாட்கள் இருந்தன. ஐந்து நாட்களில் முடியும் வேலை. ஆனால் இரண்டாம் நாள் மழை பிடித்தது. பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நான் தோண்டிய கிடங்கு கரைத்த கூழ்போலக் கிடந்தது. அது காயவே இன்னும் மூன்று நாலு நாட்கள் வேண்டும்.

அங்கிள் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"மழையெண்டால் விடு தம்பி. பலகையைப் போட்டு ஆக்களை ஏத்துவம். பேந்து ஆறுதலாச் செய்யலாம்."

பாருங்கள், அந்த மனிதர் என்னை அவசரப்படுத்தவே இல்லை. அவசரம் எனக்குள் இருந்தது. நூற்றைம்பது பேர் வரப்போகிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வீடு வைத்திருக்கும் நூற்றைம்பது தமிழர்! அவர்கள் எல்லோரும் என் முதல் வேலையின்மேல் கால் வைத்து உள்ளே போகவேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. சேற்றில் பலகை போட்டு அவர்களை ஏற்றினால் என்ன சொல்வார்கள்? "குகன் முடிக்கேல்லை" என்றல்லவா சொல்வார்கள்...

"நான் முடிச்சுத் தாறன் அங்கிள்" என்றேன்.

அரையடியோடு தோண்டுவதை நிறுத்தினேன். துணி விரிக்கவில்லை. ஈரக் களிமண்ணின்மேல் கிறவல் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி, மேல்வாரியாக இரண்டு தரம் இயந்திரத்தை ஓட்டினேன். மணலைப் பரப்பினேன். கல்லை அடுக்கினேன். குடிபூரலுக்கு முதல் நாள் பின்னேரம் கடைசிக் கல்லையும் வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவியபோது, அது பார்ப்பதற்கு... என்ன சொல்ல, அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் அதன்மேல்தான் நிறைகுடம் வைத்தார்கள். அன்ரி சாமிப் படத்தோடு நடந்தார், அங்கிள் பால் சட்டியோடு நடந்தார். வந்தவர்களில் அரைவாசிப் பேர் வீட்டைப் பார்க்குமுன் நிலத்தைப் பார்த்தார்கள். ஆறு பேர் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மாசியில் நிலம் தன் வேலையைக் காட்டியது.

இரண்டு நாள் இளகி, மூன்றாம் நாள் கடுங்குளிர். நடுவில் ஒரு வரிசைக் கல் ஒரு விரல் தடிப்புக்கு எழும்பி நின்றது. அதன்மேல் மெல்லிய பனி. சட்டை அளவு கொடுக்க வந்த ஒரு மணப்பெண்ணின் தாயாரைக் கார்வரை கூட்டிப்போன அன்ரி, திரும்பி வரும்போது அந்தக் கல்லில் தடக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள்.

செய்தி கேட்டு அடுத்த நாள் ஓடினேன். முன்றலைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. கூடத்தில் அங்கிள் இருந்தார். யூனியன்விலிலிருந்து அவருடைய தங்கையும் தங்கை கணவரும் வந்திருந்தார்கள். வசந்தம் வந்ததும் தங்கள் டிரைவ்வேயை நான்தான் செய்யவேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர்கள் அவர்கள். அன்ரி கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கப்போட்டபடி கதிரையில் சாய்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏன் தம்பி உது உப்பிடி எழும்பினது?" என்று அங்கிள் கேட்டார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கதவடியில் ஒரு உப்புப் பை சாய்ந்து கிடந்தது. பனி வழுக்காமல் தூவுவதற்கு எல்லோர் வீட்டிலும் கிடக்கும் பை. என் கண் அதில் விழுந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அன்ரி, உப்புக் கனக்கப் போட்டனீங்களோ?"

உப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மலிவான உப்பு கல்லின் மேற்தோலை உரிக்கலாம். நிலத்தை எழுப்பாது. என் தொழில் தெரிந்த எவனும் கேட்டால் வயிறு நோகச் சிரிப்பான்.

ஆனால் அன்ரி சிரிக்கவில்லை.

"ஓம் தம்பி... சேலையோட வாற ஆக்கள் விழுந்திடுவினமெண்டு பயத்தில கொஞ்சம் கூடத்தான் போட்டனான்."

"அதுதான். உப்புத் தண்ணி கீழ இறங்கி மண்ணைக் கரைச்சுப்போட்டுது."

அங்கிள் என்னிடமிருந்து பார்வையை எடுத்து அன்ரியிடம் திருப்பினார். "நான் அப்பவே சொன்னனான். கேட்டால்தானே" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தில் பழி என் தோளிலிருந்து இறங்கி, கை முறிந்து கிடந்த மனுசியின் தலையில் ஏறிவிட்டது. அதைத் தடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் முழுவதையும் கிளறி, காசு வாங்காமல் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். இந்தமுறை பதினாறு அங்குலம். இடையில் அங்கிள் பார்க்க வந்தபோது, சேற்றில் அமிழ்ந்து கிடந்த என் பழைய கிறவலை மறைக்க, அவசரமாகத் துணியை இழுத்து மூடினேன். ஒரு திருடன் செய்வதைத்தான் செய்தேன். அன்ரி இடது கையால் கோப்பையைப் பிடித்துத் தேநீர் கொண்டுவந்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது.

"என்ர பிழைக்கு நீ கிடந்து மாயிறாய் தம்பி" என்றார்.

இந்த ஒரு வசனத்தைக் கேட்டும் வாய் திறக்காதவன் வேறு எதைக் கேட்டுத் திறப்பான்?

அங்கிளும் அன்ரியும் அதற்குப் பிறகு போன இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். "தன்ர பிழை இல்லாட்டியும் சும்மா செய்து தந்த பொடியன்" என்று கோயில் மண்டபத்தில் சொன்னார்கள், கலியாண வீட்டில் சொன்னார்கள். அந்த வார்த்தைதான் என் தொழிலை நடத்தியது. இன்று என்னிடம் மூன்று ட்ரக் இருக்கிறது, ஏழு பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த இருவருக்கே நான் நன்றி சொல்லவேண்டும். இன்னொன்றுக்கும்... அந்த மாசிக்குப் பிறகு நான் ஒரு முன்றலையும் அரைகுறையாகச் செய்ததில்லை. மழை வந்தால் நிறுத்திவிடுவேன். ஐயர் குறித்த நாள் தவறினாலும், வாடிக்கையாளர் கத்தினாலும், நிலம் காயும்வரை தொடமாட்டேன். "குகன் அண்ணை சரியான பிடிவாதம்" என்பார்கள். நான் போட்ட கற்கள் இந்த நகரத்தின் குளிரில் அசையாமல் கிடக்கின்றன. அந்த ஒழுங்கை எனக்குக் கொடுத்தது அன்ரியின் கை. எண்ணிப் பாருங்கள், யாருடைய நோவில் யார் நல்லவனாகியிருக்கிறான்!

அந்தக் கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கத்தரிக்கோலை இறுக்கிப் பிடிக்க வலு வரவில்லை. கொஞ்ச நாள் கரை மடித்துத் தைத்தார். பிறகு அதையும் விட்டார். தையல் மெசினை யாருக்கோ கொடுத்தார். துணிப் பையோடு வந்த பெண்கள் வராமல் போனார்கள். அந்த வீடு சத்தமில்லாமல் போனது.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. அங்கிள் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு கதை பிடித்துப்போனால் விடமாட்டார். குளிருக்கு மணிக்கட்டு நோகிறது என்று அன்ரி சொன்னால், "உப்புக் கொட்டின கையெல்லே" என்பார். உப்புப் பையைக் காரேஜில் வைத்துப் பூட்டிவிட்டார். எழுபது வயதிலும் தானே போய் அளந்து தூவினார். விருந்துகளில் அதைப் பகிடியாகச் சொல்வார். "உவவிட்ட ஒரு பை உப்பைக் குடுத்தால் வீட்டையே கிளப்பிப்போடுவா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அன்ரியும் தலையைக் குனிந்து சிரிப்பார்.

நானும் சிரித்தேன். ஒரு தடவை அல்ல, பல தடவை... ஒருவேளை நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்து சிரித்திருக்கலாம்.

மெல்ல மெல்ல அன்ரி ஒன்றையும் தானாகத் தொடாதவராகிவிட்டார். வீட்டுச் சூட்டைக் கூட்ட வேண்டுமென்றால்கூட அங்கிள் வரும்வரை குளிரில் இருப்பார். "நான் தொட்டால் பழுதாப்போம்" என்று ஒரு நாள் என்னிடமே சொன்னார். நூறு மணப்பெண்களுக்கு அளவு பிசகாமல் வெட்டித் தைத்த மனுசி!

போன வருடக் கடைசியில் அங்கிள் நோயில் விழுந்தார். வைத்தியசாலையில் ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் இருந்தேன். அன்ரி சாப்பாடு எடுக்கக் கீழே போயிருந்தார். அங்கிள் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் இல்லாட்டி உவள் உப்பை அள்ளிக் கொட்டிப்போடுவள். நீதான் பாத்துக்கொள்ளவேணும்."

அறையில் வேறு யாரும் இல்லை. மடியில் கொண்டுவந்து வைத்ததுபோல் அந்த நேரம் எனக்குக் கிடைத்தது. அங்கிள், அது உப்பில்லை, நான்தான்... ஐந்து சொற்கள்கூட வராது. அவர் திட்டியிருக்கலாம். சிரித்திருக்கவும் கூடும். அன்ரி திரும்பி வந்ததும் அவர் கையை ஒருதரம் தடவியிருப்பார், அது எனக்கு நிச்சயம்.

"ஓம் அங்கிள். நான் பாக்கிறன்" என்றேன்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமை கழித்து, ஒரு காலையில் உறைமழை பெய்து தெருவெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. அன்ரிக்குப் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்துவைத்தபடி அவர் நின்றார். காரேஜ் பூட்டின் திறப்பு அவர் கையில் இருந்தது. உப்புப் பை காலடியில் இருந்தது. பிரிக்கவில்லை.

"போடலாமோ தம்பி? இவ்வளவு போட்டால் காணுமோ? அவர் இருந்தால் பேசுவார்."

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழையைச் சொன்னேன். அரையடியைச் சொன்னேன். விரிக்காத துணியைச் சொன்னேன். உப்புப் பையில் என் கண் விழுந்த விதத்தைச் சொன்னேன். அழுதேன். அன்ரி அழவில்லை. குளிர் உள்ளே வருகிறது என்று கதவைச் சாத்தி, என்னைக் கதிரையில் இருத்தினார்.

பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

"அங்கிளிட்டைச் சொன்னனியோ?"

"இல்லை அன்ரி."

"கடைசி நாளிலயும் நான் அவரிட்ட மன்னிப்புக் கேட்டனான் தம்பி. உங்களுக்குச் செலவும் கரைச்சலும் வச்சிட்டனெண்டு."

நான் தலை நிமிரவில்லை. மற்றவர்களிடம் சொல்கிறேன் என்றேன். யூனியன்விலுக்குப் போய் அங்கிளின் தங்கையிடம் சொல்கிறேன், மண்டபத்தில் சிரித்த அத்தனை பேரிடமும் சொல்கிறேன், எழுதிப் போடுகிறேன் என்றேன். அன்ரி தன் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதை மூடிக்கொண்டார்.

"மற்ற ஆக்களுக்கு நீ சொல்லலாம். அவருக்கு இனி ஆர் சொல்லுறது?"

சொன்னபடி யூனியன்விலுக்குப் போனேன். அங்கிளின் தங்கை கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். இப்போது உங்களுக்கும் எழுதிவிட்டேன். மன்னிக்கிறேன் என்று அன்ரி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எந்த முகத்தோடு கேட்பது?

ஒவ்வொரு கிழமையும் போகிறேன். அவர் கதவைத் திறக்கிறார், கோப்பையை எடுத்து முன்னால் வைக்கிறார், என் வேலையாட்களின் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறார். நான் அந்தச் சோற்றை உண்கிறேன். அதைவிட நன்றியோடு நான் எதையும் உண்டதில்லை. முன்பெல்லாம் வாய் ஓயாமல் அங்கிளைப் பற்றித்தான் பேசுவார்... அவர் சொன்ன பகிடி, அவருக்குப் பிடித்த கறி, அவர் கோபித்துக்கொண்ட நாள். இப்போது என்னிடம் அவர் அங்கிளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.